வெறும் தூக்குவாளி கீழே இறங்காது

ஒரு வீட்டிலிருந்து குழம்போ பலகாரமோ பாத்திரத்தில் வந்தால், அதைக் கழுவி வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் லயத்தில், தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், கிடையாது. ஒரு கை பயறு, ரெண்டு கொத்துக் கறிவேப்பிலை, ஒன்றுமே இல்லாத வீடாக இருந்தால் ஒரு கரண்டிச் சீனியைக் காகிதத்தில் மடித்து உள்ளே போட்டாவது அனுப்புவோம். இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. காலையில் பல் துலக்குகிற மாதிரி அது ஒரு பழக்கம். இந்தப் பழக்கத்துக்காக என்னைப் பஞ்சாயத்து ஆபீசில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், போய்யா, போய் வேலையைப் பாரு என்று விரட்டியிருப்பேன்.

ஏலப்பாறை பஜாரில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நாலு பெஞ்சு, ஒரு விறகடுப்பு, ஒரு காஸ் அடுப்பு, எப்போதும் ஒழுகுகிற ஒரு தகரக் கூரை. நான் பிறந்தது மேல் டிவிஷன் லயத்தில். கல்யாணம் ஆன பிறகும் அங்கேயேதான் கொழுந்து கிள்ளினேன். முதலாளி எஸ்டேட்டைப் போட்டுவிட்டுப் போன பிறகுதான் பஜாருக்கு இறங்கி அடுப்பு மூட்டினேன். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் சர்ச் சபையில் ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். என் கடைச் சாப்பாடு சரியில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த வருஷ மழையில் மேல் டிவிஷனுக்குப் போகிற ரோட்டில் மலை சரிந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால், உருள் பொட்டியது. ஜீப் பாதி மலை ஏறும். வளைவு வரைக்கும் போகலாம். அதற்கு மேல் சேறும் பாறையும்தான். நடக்கத் தெம்புள்ளவர்கள் எல்லோரும் பஜார் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்கு இறங்கிவிட்டார்கள். இறங்க முடியாதவர்கள் ஒரு பத்து வீட்டில் மேலேயே தங்கிவிட்டார்கள். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிற பழைய ஃபேக்டரி ஆள் ஒருவர், அவரை விட்டு நகராத பெண்சாதி, கண் தெரியாதவர்கள், கால் வராதவர்கள். அவர்களோடு, கடைசி வீட்டு அத்தை.

அத்தை எனக்கு ரத்த சொந்தம் இல்லை. என் அம்மாவோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுத்தவள், அதனால் அத்தை. ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அத்தைக்குச் சுகர், அதில் ஒரு கால் சரியாக வராது. தினமும் காலையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், சாப்பிடாவிட்டால் ஆள் விழுந்துவிடுவாள். ஏற்கெனவே ஒரு தடவை தேயிலைக்கு நடுவில் விழுந்து கிடந்து, சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அதனால் ரோடு போய்விட்டது என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு அத்தையின் காலைச் சாப்பாடுதான்.

அரிசியும் பருப்பும் கொண்டு கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மேலே விறகெல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தது. காஸ் சிலிண்டர் தீர்ந்தால் ஏற்றிக்கொண்டு போக வழியில்லை. சமைத்த சாப்பாடு போனால்தான் உண்டு.

ஒரு நிவாரண அமைப்பு வந்தது. பேர் வேண்டாம். அவர்களுடைய லாரி குட்டிக்கானத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் ஒரு மலையாளத்துப் பெண், சின்ன வயசு, நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தூக்கமில்லாமல் சிவந்த கண். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பஞ்சாயத்து மெம்பர்தான் அவளை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சேச்சி, லாரி வர்ற வரைக்கும் மேல உள்ளவங்களுக்கு நீங்க சமைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டாள்.

"சமைக்கேன். ஆனா சாமான் இங்கயே எடுப்பேன். ராவுத்தர் கடையில அரிசி பருப்பு இருக்கு. கீழ அச்சாயன் தோட்டத்துல கப்பைக் கெழங்கு இருக்கு. பாலுக்கு மாடு வச்சிருக்க ஆளு இருக்கு. லாரிய எதிர்பாத்து உக்காந்துருக்க வேண்டாம்" என்றேன்.

வேறு வழியில்லாததால் சரி என்றாள். அன்றைக்கு அவளுக்கு வேறு வழி இருந்திருந்தால் என்னைக் கேட்டிருக்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

சபையில் அசனப் பண்டிகைக்கு வைத்திருக்கிற அண்டாக்களை எடுத்தேன். ஊருக்கே சோறு போடுகிற அண்டா, மழைக்காலத்தில் சும்மாதானே கிடக்கிறது? கொழுந்துக்காரிகள் மலைக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குவாளிகளைப் பஜாரில் வீடு வீடாகக் கேட்டு வாங்கினேன். ஜீப் ஓட்ட என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, இருந்தான். வளைவு வரை ஜீப்பில் போய், அங்கிருந்து மெம்பரின் ஆட்களோடு சேர்ந்து தூக்குவாளிகளைக் கம்பில் கோத்துத் தோளில் சுமந்து சேற்றைக் கடப்பான். அவன் ஜீப் ஹார்னுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். வளைவில் வந்து அதை அடித்தால் மேலே எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

முதல் நாளே அத்தைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஹார்ன் கேட்ட பிறகுதான் ஊசி போட வேண்டும், அதற்கு முன்னால் போடக்கூடாது. ஹார்ன் கேட்டு, ஊசி போட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் தூக்குவாளி வாசலுக்கு வந்துவிடும். அவளுக்கு மட்டும் தனியாகக் கோதுமைக் கஞ்சியும் பயறும் அனுப்புவேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

முதல் நாள் மத்தியானம் கொழுந்தன் தூக்குவாளிகளைத் திரும்பக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மதினி, நிவாரணம் நமக்கா அவுகளுக்கா? கனம் போகும்போது இருந்தத விட வரும்போது கூட இருக்கு" என்றான்.

மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றில் சௌசௌக் காய். ஒன்றில் காந்தாரி மிளகாய். ஒன்றில் பறங்கிக் கொடியின் தளிர், ஈரத்துணியில் சுற்றி. பக்கவாதக்காரர் வீட்டுத் தூக்கில் ஒரு துண்டு வெல்லம். அத்தையின் தூக்கில் ரெண்டு முட்டை, உடையாமல் இருக்க வாழைச் சருகு வைத்து. கூடவே கொழுந்தனிடம் ஒரு உத்தரவு: "ஒண்ண அவிச்சு அந்தப் படுத்துக் கெடக்க மனுசனுக்கு அனுப்பச் சொல்லு. ஒண்ண அவளத் திங்கச் சொல்லு, அடுப்படியில நின்னு காஞ்சு போயிருப்பா."

கடைக்குள் நின்று அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அழுதுவிட்டு முட்டையை அவித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் இப்படித்தான் ஓடியது. மேலே இருந்து வந்த பறங்கிக்காய் அடுத்த நாள் சாம்பாரில் போகும். அவர்கள் போட்ட காந்தாரியை அரைத்து அச்சாயனின் கப்பைக்குத் துவையலாக அவர்களுக்கே அனுப்புவேன். முட்டை நிறைய வரும். படுக்கைக்காரருக்குப் போக மிஞ்சினால் கடையில் வந்து உட்காருகிற அமைப்பின் தொண்டர்களுக்கு ஆம்லெட் போடுவேன். யார் கொடுத்தது யார் தின்றது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கிறவள் அந்த லயத்தில் வளர்ந்திருக்கமாட்டாள்.

யாரோ ஒரு புண்ணியவான் என் கொழுந்தன் தூக்குவாளியிலிருந்து காய்கறி எடுத்து அடுக்குவதைப் போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிட்டான். நிவாரணத்தின் பேரைச் சொல்லி ஏழைகளிடம் காய்கறி வசூல் நடக்கிறது என்று அதன் கீழே எழுத்து. அவன் யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் என் கடைக்குச் சாப்பிட வரட்டும், கவனித்துக்கொள்கிறேன்.

பஞ்சாயத்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேடம் உட்கார்ந்திருந்தாள், மெம்பர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேச்சி, பெனிஃபிஷ்யரி கையிலேர்ந்து ஒரு சாமானும் வாங்கக் கூடாது. அது எங்க ரூல்."

"நான் எங்க வாங்குனேன்? அவுக போட்டு விடுதாக."

"அப்ப திருப்பி அனுப்பிடுங்க."

"திருப்பி அனுப்புனா சண்டைக்கு வருவாக. ஒங்க வீட்டுப் பொருள் எங்களுக்கு ஆகாதுன்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

"எதாவது கெட்டுப் போன காய் சேர்ந்து யாருக்காவது வயித்தால போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்லுதேன். பத்து வருசமா இந்தப் பஜாருக்குச் சோறு போடுதேன். எவன் வயிறு கெட்டுது? கேட்டுச் சொல்லு."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "சேச்சி, எனக்குப் புரியுது. ஆனா எங்க ஏற்பாட்டுல குடுக்கற ஆளு வேற, வாங்கற ஆளு வேற. ஒரே ஆளு ரெண்டுமா இருந்தா நான் மேல என்ன பதில் சொல்லுவேன்?"

"எங்க லயத்துல எல்லாரும் ரெண்டும்தான். அதச் சொல்லு."

சொல்லவில்லை. லாரியும் அன்றைக்குப் பார்த்து வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த நாள் முதல் டவுனில் ஒரு கான்ட்ராக்டர் சமைப்பார், சாப்பாடு அலுமினியத் தாள் டப்பாவில் வரும், டப்பாவில் அமைப்பின் ஸ்டிக்கர் இருக்கும், கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுக்க வேண்டும், என் சேவைக்கு நன்றி என்றார்கள். சால்வை ஒன்று போட வந்தார் மெம்பர். அதை நீங்களே போர்த்திக்கிடுங்க, குளிருக்கு ஆகும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

போட்டோ என்று கேட்டதும் அத்தையைத்தான் நினைத்தேன். அதற்கு ஒரு முன்கதை உண்டு. முன்பு ஒரு மழைக்கு வேறொரு கூட்டம் அத்தைக்கு ஒரு பை கொடுத்து, அதை அவள் கையில் பிடிக்கவைத்துப் படம் எடுத்துப் போட்டது. திருப்பூரில் பக்கத்து மிஷின்காரன் போனைக் காட்டி, இது உங்க அம்மாதானே என்று அவள் மகனிடம் கேட்டிருக்கிறான். அன்று ராத்திரி மகன் போனில் அழுதான். அத்தை அழவில்லை. இனிமேல் படம் பிடிக்கிறவன் கொடுக்கிற சோறு என் தொண்டையில் இறங்காது என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவள் யூனியனில் நின்ற பொம்பளை.

இதை மேடத்திடம் சொல்ல ஓடினேன். அவள் அதற்குள் கட்டப்பனைக்குக் கிளம்பிவிட்டாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. மெம்பரிடம் சொன்னேன். "ஒரு வேளை தின்னாம இருப்பாங்க, பசிச்சா தின்னுருவாங்க" என்றார். பசியைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு இவர் பாடம் எடுக்கிறார் பாருங்கள்.

முதல் நாள் டப்பா போனது. பின்னாலேயே கொழுந்தனை அனுப்பினேன். வந்து சொன்னான். தொண்டர் பையன் டப்பாவை நீட்டி, அம்மா ஒரு சிரிப்பு என்று போனைத் தூக்கியிருக்கிறான். அத்தை டப்பாவை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். முந்தின நாள் நான் அனுப்பிய தூக்கிலேயே மிச்சம் வைத்திருந்த அவித்த கப்பையைத் தின்று அன்றைக்குச் சமாளித்துவிட்டாள்.

"நாளைக்கு என்ன திம்பாக?" என்று கேட்டேன்.

"வீட்டுல ஒண்ணுமில்ல மதினி. நம்ம தூக்குவாளிதான் கழுவிக் கவுத்தி வச்சிருக்காக" என்றான்.

அப்போதே தீர்மானித்துவிட்டேன், மறுநாள் அவர்களுக்கு முன்னால் நான் போவேன் என்று. விடியுமுன்னே எழுந்து கோதுமைக் கஞ்சி வைத்தேன். பயறைத் தாளிக்கக் கரண்டியை அடுப்பில் வைத்திருக்கிறேன், மலைமேல் ஹார்ன் கேட்டது. தொண்டை கட்டிய ஹார்ன் இல்லை. டவுன் வண்டியின் தெளிவான, நீளமான ஹார்ன். முந்தின நாளைவிடச் சீக்கிரமாகவே போய்விட்டார்கள்.

கரண்டியை அப்படியே போட்டேன். அத்தைக்கு ஹார்ன் என்றால் ஹார்ன்தான். வளைவில் சத்தம் கேட்டால் சாப்பாடு வந்துவிட்டது, ஊசி போடலாம் என்று நான்தானே சொல்லி வைத்தேன்? ஊசி போட்டிருப்பாள். டப்பா வரும். போன் தூக்குவார்கள். தின்னமாட்டாள்.

"எடுலே ஜீப்ப!" என்று கத்தினேன். கொழுந்தன் பல் துலக்கிக்கொண்டிருந்தான், நுரையோடு ஏறினான். கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன். வழியெல்லாம் என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அமைப்பை வைதேன், மெம்பரை வைதேன், மழையை வைதேன், கடைசியில் கர்த்தரையும் விடவில்லை. வளைவில் அவர்கள் வண்டி நின்றது. தொண்டர்கள் டப்பா கொடுத்து முடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் "குட் மார்னிங் சேச்சி" என்றான். அவனைத் தள்ளிக்கொண்டு சேற்றில் ஏறினேன். ஒரு செருப்பு சேற்றோடு போனது.

கடைசி வீட்டின் ஜன்னல் திண்டில் ரெண்டு டப்பா இருந்தது. நேற்றையது ஒன்று, இன்றையது ஒன்று, ரெண்டும் பிரிக்காமல். கதவைத் தள்ளினேன். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. மலைக் குளிரில், மழையில், சேலை நனைகிற அளவுக்கு வேர்வை. கை நடுங்குகிறது. என்னைப் பார்க்கிறாள், ஆனால் நான் யார் என்று தெரியவில்லை.

"சாக்க எடுத்து நிரையில போடு. கணக்கப்பிள்ள வாரான், வாரான்" என்றாள்.

"அத்த! நான்தான்! வாயத் தொறங்க!"

கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள், கஞ்சி தாடையில் வழிந்தது. சீனி வேண்டும், முதலில் சீனி. அலமாரியைத் துழாவினேன். உப்பு இருந்தது, மிளகாய்ப்பொடி இருந்தது, சுகர்க்காரி வீட்டில் சீனி எங்கே இருக்கும்? ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து கீழே போட்டேன்.

அப்போதுதான் என் தூக்குவாளி கண்ணில் பட்டது. கழுவித் துடைத்து அடுப்பு மேட்டில் வைத்திருந்தாள். முந்தின நாள் கொழுந்தன் பார்த்தது போலக் கவிழ்த்து வைக்கவில்லை, நிமிர்த்தி மூடி போட்டு வைத்திருந்தாள். கீழே அனுப்பத் தயாராக இருக்கிற பாத்திரத்தைத்தான் நாங்கள் அப்படி மூடுவோம். திறந்தேன். உள்ளே ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. கோழி முட்டையிடவில்லை, மழையில் புதினாவும் போய்விட்டது, போட ஒன்றுமில்லாத வீட்டில் போடுகிற அதே ஒரு கரண்டிச் சீனி. வீட்டில் இருந்ததே அவ்வளவுதான்.

எனக்காக அவள் மடித்து வைத்த சீனியை அவள் வாயிலேயே போட்டேன். விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னத்துக்குள் தடவினேன். முழுங்க ஆரம்பித்ததும் மிச்சத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கொழுந்தன் வாசலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான், பல்பசை நுரை தாடியில் காய்ந்தபடி. மெல்ல அவள் கண் நிலைக்கு வந்தது. என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ எப்ப வந்த?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கஞ்சியை ஊட்டிக்கொண்டே திட்டினேன். "செத்துருந்தா? ஒங்க மகனுக்கு நான் என்ன சொல்ல? டப்பாவுல இருந்தாலும் சோறு சோறுதான அத்த? படம் எடுத்தா எடுத்துட்டுப் போறான், தின்னுட்டு அவன வைய வேண்டியதுதான?"

அவள் ஒரு வாய் முழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "படத்தக்கூட விடுட்டி. அவன் டப்பாவத் திருப்பியே கேக்கலயே. தின்னுட்டுத் தூரப் போடச் சொல்லுதான். கேக்காதவனுக்கு நான் என்னத்தப் போட்டு அனுப்ப?"

கஞ்சி முடியும்வரை ஊட்டிவிட்டு, அவள் முகத்தைத் துடைத்து, பக்கவாதக்காரரின் பெண்சாதியைக் கூப்பிட்டுத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு, என் தூக்குகளையும் அந்த ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒற்றைச் செருப்போடு நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குள் போனேன். மேடம் கட்டப்பனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். ரெண்டு டப்பாவையும் அவள் மேஜையில் வைத்தேன். நேற்றையது உப்பியிருந்தது. ஹார்னைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன், வேர்வையைச் சொன்னேன், சீனியைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அந்த ஹார்ன் விஷயம் யாரும் எங்கிட்ட சொல்லலியே சேச்சி" என்றாள்.

"யாரு சொல்லுவா? எங்கள நிப்பாட்டும்போது, இத்தன நாளா எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். பொய் சொல்லவில்லை, அதற்காக அவள்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. "நாளைக்கு முதல் எங்க வண்டி வளைவுல ஹார்ன் அடிக்காது" என்றாள்.

"ஒங்க வண்டி மேல வரவே வேண்டாம். முகாமுல பிள்ளைக இருக்கு, ஒங்க டப்பாவ அங்க குடு, திங்கும். மேல் டிவிசனுக்கு எங்க தூக்குவாளிதான் போகும். அவுக எதப் போட்டு அனுப்பினாலும் நான் எடுத்துக்கிடுவேன், அதையும் சமைப்பேன்."

மெம்பர் குறுக்கே வந்தார். "அப்படி முடியாது. பெனிஃபிஷ்யரிக கிட்ட வாங்குறதுக்கு மேலேர்ந்து அனுமதி கிடைக்காது."

"அப்ப என் பேரையும் பெனிஃபிஷ்யரியில எழுதுங்க. நானும் அவுக குடுத்ததத் தின்னவதான்" என்றேன். பிறகு மேடத்தைப் பார்த்தேன். "ஒன் பேரையும் எழுதிக்கோ. முந்தாநாளு என் கடையில ரெண்டு ஆம்லெட்டு தின்ன பாத்தியா, அது யாரு வீட்டு முட்டைன்னு நெனச்ச? நல்லாருக்கு சேச்சி, நாட்டுக்கோழியான்னு கேட்டியே? கடைசி வீட்டு அத்த போட்டு விட்ட முட்ட அது. அவுக ஒனக்குச் சோறு போட்டுருக்காக. நீ அவுகளுக்கு ஒரு டப்பா குடுத்துப் படம் புடிக்கே."

மெம்பர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் பார்ப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. மேடம் ரெண்டு டப்பாவையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அனுமதி வரவில்லை. மேல் டிவிஷனை அவர்களுடைய ஏற்பாட்டிலிருந்து எடுத்துவிட்டதாகச் சாயங்காலம் சொல்லி அனுப்பினார்கள். நல்லது என்றேன். ராவுத்தரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "நீ அடுப்ப அணைச்சியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் அரிசி மூட்டையைத் தானே உருட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். அச்சாயன் கப்பையோடு ஒரு குலை ஏத்தங்காயும் சேர்த்து அனுப்பினார். பால்காரர் பாலைக் குறைக்கவில்லை. இவர்களில் யாரும் டப்பாவில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. பஜாரில் கடை வைத்திருக்கிறவனுக்கு மலைமேல் யார் இருக்கிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். லாரி வந்தாலும் வராவிட்டாலும் நாங்கள் இங்கேதான் இருப்போம்.

மறுநாள் காலையில் தொண்டை கட்டிய ஹார்ன் வளைவில் கேட்டது. கொழுந்தன் வேண்டுமென்றே ரெண்டு தடவை அடித்தான், பஜாரில் நின்ற எனக்கே கேட்டது. அத்தை ஊசி போட்டு, கை கழுவி, கஞ்சியைக் குடித்துவிட்டாள் என்று மெம்பரின் ஆள் போனில் சொன்ன பிறகுதான் நான் டீ குடித்தேன்.

மத்தியானம் தூக்குவாளிகள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்தது. கொழுந்தன் அத்தையின் தூக்கை மட்டும் தனியாக எடுத்து என் கையில் கொடுத்தான். மூடியைத் திறந்தேன். உள்ளே சீனிப் பொட்டலம், ஒன்றல்ல, ரெண்டு. அந்த வீட்டில் ஒரு பருக்கைச் சீனி கிடையாது என்று எனக்குத் தெரியும், அலமாரியைத் துழாவியவள் நான்தானே.

"இது எங்கருந்துலே?" என்றேன்.

"அந்த வராத கால வச்சுக்கிட்டு, சுவரப் புடிச்சுப் புடிச்சு நாலு வீடு நடந்துருக்காக மதினி, கேட்டு வாங்க. ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாக" என்றான். அத்தையின் குரலிலேயே, விரலை நீட்டிக்கொண்டு சொன்னான்:

"ஒண்ணு இன்னைக்கு உள்ளது. இன்னொண்ணு நேத்து உள்ளது. நேத்து அவளுக்கு வச்சத எனக்கே போட்டுட்டு வெறும் தூக்கத் தூக்கிட்டுப் போயிட்டா, கிறுக்கி."